ஓட்டை எண் ஒன்று

1979 ஜனவரி 7, ஞாயிறு: முதல் பகுதி.
1980 மார்ச் 2, ஞாயிறு: அறுபத்தோராவது பகுதி. முற்றும்.
ஒரு பகுதியின் நீளம்: 52 நிமிடம்.
ஒளிபரப்பானது: 46 நிமிடம்.
வெட்டியது, மொத்தம்: 366 நிமிடம்.
1979 டிசம்பர் 2: கழகத்தின் முதல் கூட்டம். வந்தவர்கள் 5.
1990 ஆகஸ்ட் 5: நூற்று இருபத்தொன்பதாவது கூட்டம். வந்தவர்கள் 4.
பதிவான ஓட்டைகள்: 212.
அடைபட்டவை: 170. அதில் பின்வரிசை அடைத்தவை: 139.
அடைபடாதவை: 42. அதில் முதலாவது, எண் 1.

இந்தக் கணக்கில் உள்ள 366 நிமிடங்களை வெட்டியவரும் 139 ஓட்டைகளை அடைத்தவரும் ஒரே ஆள். அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன். கழகத்தில் அவருக்குப் பின்வரிசை என்று பெயர். எப்போதும் கடைசி நாற்காலியில், மருந்துப் பெட்டிகளுக்கு முதுகைக் கொடுத்து உட்காருவார். அதனால் வந்த பெயர்.

நெடுங்கலம் என்ற தொலைக்காட்சித் தொடரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு. விண்வெளியில் வழி தவறிய ஒரு கப்பல் வீடு திரும்பப் பார்க்கும் கதை. எங்கோ எடுத்த படத்துக்கு நம் மொழியில் குரல் கொடுத்து, ஞாயிறு இரவு எட்டு மணிக்குப் போட்டார்கள். வாரம் ஒரு படப்பெட்டி வரும். நம் மொழியில் ஒளிபரப்பும் நிலையங்கள் ஒன்பது இருந்தன. ஒரே பெட்டிதான் ஒன்று மாற்றி ஒன்றாக அத்தனைக்கும் போகும். எங்கள் நிலையம் அந்த வரிசையில் இரண்டாவது.

ஒரு மணி நேர இடத்தில் விளம்பரமும் செய்தியும் போக 46 நிமிடம்தான் மிஞ்சும். படமோ 52 நிமிடம். வாரா வாரம் ஆறு நிமிடத்தை எடுத்தாக வேண்டும். அந்த வேலை பின்வரிசையுடையது. நிலையத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத ஓர் அறை. ஒன்பதடிக்குப் பதினோரடி. ஒரு மேசை, படம் ஓட்டிப் பார்க்க உள்ளங்கை அகலத்தில் ஒரு சிறு திரை, வெட்டி ஒட்டும் கருவி, சுவரில் நாற்பது கொக்கிகள். வியாழன் பெட்டி வரும். சனிக்குள் வெட்டுவார். வெட்டிய துண்டுகள் எண் சீட்டோடு கொக்கியில் தொங்கும். ஞாயிறு ஒளிபரப்பு. திங்கள் அந்தத் துண்டுகளை அதே இடத்தில் திருப்பி ஒட்டுவார். செவ்வாய் பெட்டி அடுத்த நிலையத்துக்குக் கிளம்பும்.

தனக்கென்று சில விதிகள் வைத்திருந்தார். அழுகிற முகத்தில் கத்தரி வைப்பதில்லை. பேசுகிற ஆளைப் பாதியில் நிறுத்துவதில்லை. நடை, கதவு, தாழ்வாரம், வெளியே கப்பல் மிதப்பது, இவற்றை எடுக்கலாம். ஆனால் ஆறு நிமிடம் என்பது பெரிய நீளம். நடையிலும் கதவிலும் மட்டும் தேறாது. கதையிலும் கை வைக்க வேண்டி வரும். வெட்டிய ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் எழுதுவார்: எங்கிருந்து எங்கே, எத்தனை விநாடி, அதில் என்ன இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பார்கள். அவர் அளந்துதான் போட்டார்.

அந்த நோட்டில் நாற்பத்தொன்றாம் பகுதிக்கான பக்கம் மட்டும் காலி. பகுதி எண் மேலே எழுதியிருக்கும். கீழே ஒன்றும் இருக்காது.

கழகம் பிறந்ததே அந்தப் பகுதியால்தான். 1979 நவம்பர் 4 தேதியிட்ட வார இதழில், வாசகர் பக்கத்தில் ஒரு கடிதம் வந்தது. "நெடுங்கலம் நாற்பத்தொன்றாம் பகுதியில் வரைபடக்காரி கப்பலை விட்டுப் போகிறாள். தான் தூக்கி வளர்த்த சின்னவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாற்பது வாரம் பார்த்த எனக்குத் தெரியும், அவள் அப்படிப் போகிற ஆள் இல்லை. காரணம் தெரிந்தவர்கள் எழுதவும்." கீழே ஒரு மருந்துக்கடையின் முகவரி.

ஒன்பது பேர் எழுதினோம். டிசம்பர் 2 அன்று கடைக்கு மேலே உள்ள சரக்கறையில் கூடியவர்கள் ஐந்து பேர்: மருந்துக்கடை அம்மா, ஒரு பஸ் ஓட்டுநர், இரண்டு வருடத்தில் ஊர் மாறிப் போன ஒரு தையல்காரர், நான், பின்வரிசை. மாதத்தின் முதல் ஞாயிறு நாலு மணிக்குக் கூடுவது என்று முடிவாயிற்று. தொடரில் பொருந்தாமல் நிற்பது ஓட்டை. அதற்குக் கதைக்குள்ளேயே காரணம் சொன்னால் அடைப்பு. வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு கை தூக்கினால் அடைப்பு ஏற்கப்படும். வராதவர்கள் தபாலில் வாக்குப் போடலாம். புதிதாகச் சேர்கிறவர் ஓர் அடைப்பாவது கொடுத்து ஏற்கப்பட்டிருக்க வேண்டும். பதிவேடு என்னிடம் வந்தது. எண் 1 என்று போட்டு வரைபடக்காரியின் ஓட்டையை எழுதினேன்.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று ஓட்டுநர் பின்வரிசையைக் கேட்டார்.

"ஒரு ஆபீஸ்ல ஒட்டற வேலை."

"பரவால்ல. எங்க டிப்போல தபால்தலை ஒட்டறதுக்கே ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தர் நாக்கு, ஒருத்தர் கை."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அவர் என்ன ஒட்டுகிறார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

வீட்டில் வீடியோ கிடையாது, மறுஒளிபரப்பும் இல்லை. எங்களுக்கு இருந்த சான்றெல்லாம் நினைவும், ஓட்டுநரின் கேசட்டுகளும்தான். அவர் ஒவ்வொரு வாரமும் டிவிக்கு முன்னால் டேப்ரிக்கார்டரை வைத்து ஒலியை மட்டும் பதிந்திருந்தார். எதிரிக் கப்பல் வெடிக்கும்போது அவர் மனைவி தும்முவதும் அதில் இருக்கும். "அது தும்மல், குண்டு இது," என்று விரலை உயர்த்திக் காட்டுவார்.

பின்வரிசையின் அடைப்புகள் பிரமாதமாக இருக்கும். எண் 17: பொறியாளரின் இடது கையில் கட்டு, அதே நாளில் அடுத்த காட்சியில் கட்டு இல்லை. மற்றவர்கள் நாள் மாறியிருக்கும், கை மாறியிருக்கும் என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து, "மருத்துவர் அவிழ்த்துப் பார்த்திருப்பார். காயம் ஆறியிருக்கும். ஆறினது இவருக்கே பிடிச்சிருக்காது, லீவு போச்சேன்னு," என்றார். பொறியாளரின் சிடுசிடுப்புக்கும் சேர்த்து அதில் காரணம் இருந்தது. நான்கு கைகளும் ஒன்றாக எழுந்தன. எண் 54, எண் 90, எண் 131, எல்லாமே அப்படித்தான். ஆனால் சின்னப் பிள்ளைகூடச் சொல்லக்கூடிய ஓட்டைகளில் கைவிரிப்பார். கப்பலுக்கு ஒரு வாரம் ஆறு தளம், இன்னொரு வாரம் ஏழு தளம். "தெரியலையே," என்று சொல்லி டீயைக் குடிப்பார். "பெரிய மீனுதான் பிடிப்பாரு போல," என்பார் ஓட்டுநர். எண் 1 பற்றிப் பேச்சு வந்தால் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருப்பார்.

அவர் முதல் கூட்டத்துக்கு எதற்கு வந்தார் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது. நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வெட்டியது நான்தான் என்று சொல்லிவிட்டுப் போக வந்திருக்கிறார். மருந்துக்கடை அம்மா முதல் டீயை அவருக்குக் கொடுத்தார். ஓட்டுநர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். "குடிச்சு முடிச்சிட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்," என்றார் என்னிடம். "அந்த டீ முடிய பத்து வருஷம் எட்டு மாசம் ஆயிடுச்சு."

அவருக்கு வேறு போக்கிடம் இல்லை. அப்போது வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டின் பின்கட்டில் ஓர் அறை. அக்கா காலமான பிறகு அந்த வீட்டில் அவரும் அக்காவின் கணவரும் மட்டும். அத்தான் குழாய் வேலை செய்பவர். ஒரே அடுப்பு, இரண்டு பேர், வேறு வேறு நேரத்துச் சமையல். ஒரு நாளில் பத்து வாக்கியத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை என்று இருவருமே என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். எண்ணிக்கை இரண்டு பேர் சொன்னதிலும் ஒத்துப்போனது. மாதத்தில் ஒரு ஞாயிறு, நாலு மணியிலிருந்து ஆறரை வரை, பின்வரிசையைச் சுற்றி மனிதர்கள் இருந்து அவர் பேசுவதைக் கேட்டார்கள். அந்த இரண்டரை மணி நேரத்தை இழக்காமல் எண் 1க்குப் பதில் சொல்ல வழி இருக்கவில்லை.

1990 ஆகஸ்ட் 5 அன்று ஓட்டுநர் கேசட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வழக்கமாக முதலில் டீ. அன்று, "டீ அப்புறம்," என்றார்.

"சார், இந்த இடத்தைக் கேளுங்க." பொத்தானை அழுத்தினார். பேச்சு, காலடிச் சத்தம், நடுவில் ஊசி முனையளவு ஒரு 'டக்'. "கேட்டுச்சா?"

"உங்க வீட்டுக் கதவா இருக்கும்," என்றேன்.

"என் வீட்டுக் கதவு கிரீச்சுங்கும் சார். எண்ணெய் போடச் சொல்லி வீட்டம்மா பதினேழு வருஷமா சொல்றா. இது கதவு இல்ல." அடுத்த கேசட். மறுபடி 'டக்'. அடுத்தது. "வண்டி ஓட்டறவனுக்கு இதான் வேலை. நூறு சத்தத்துல எது புதுசுன்னு காது சொல்லும். மூணு மாசமா டிப்போல டிரிப்புக்கு நடுவுல உக்காந்து அறுபத்தொரு கேசட்டும் கேட்டேன்." பாக்கெட்டிலிருந்து ஒரு தாளை எடுத்தார். "அண்ணே அடைச்ச நூத்தி முப்பத்தொன்பதுலயும் ஓட்டை இருக்கிற எடத்துல இந்த டக் இருக்கு. அண்ணே தெரியலைன்னு கைவிரிச்ச எதுலயும் இல்ல. ஒண்ணாம் நம்பரைத் தவிர."

மருந்துக்கடை அம்மா பின்வரிசையைப் பார்த்தார்.

"அது ஒட்டு," என்றார் அவர். "பிலிமை வெட்டி ஒட்டினா ஒலி போற ஓரத்துல அந்தச் சத்தம் வரும். மை தடவி மறைப்பேன். எத்தனை தடவினாலும் கூர்மையான காதுக்குக் கேக்கும்."

"மறைப்பேனா?" என்றார் அம்மா.

அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து மேசையில் வைத்தார். முதல் கூட்டத்திலிருந்து அது அந்தப் பையிலேயேதான் இருந்திருக்கிறது. ஓட்டுநர் புரட்டினார். பதினேழாம் ஓட்டைக்கான வரியை விரலால் தொட்டு வாசித்தார்: "மருத்துவர் கட்டை அவிழ்க்கிறார். பொறியாளர் சிடுசிடுக்கிறார். ஐம்பத்திரண்டு விநாடி." நோட்டை மூடினார்.

"அப்ப இத்தனை வருஷமா விடைத்தாளை மடியில வச்சுக்கிட்டுப் பரீட்சை எழுதியிருக்கீங்க. நாங்க முட்டாப் பசங்க, கையைத் தூக்கிட்டு இருந்திருக்கோம்."

"சொல்லணும்னுதான் வந்தேன்."

"எப்ப?"

"முதல் நாளே."

ஓட்டுநருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபத்தில் வருகிற சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. நோட்டைத் தன் பக்கம் இழுத்து நாற்பத்தொன்றாம் பகுதியைத் தேடினார்.

"ஒண்ணாம் நம்பருக்கு என்ன இருந்துச்சு?"

"அது எனக்குத் தெரியாதும்மா."

"மத்த எல்லாம் தெரியும்."

"தெரியும்."

"இது மட்டும் தெரியாது."

"ஆமா. வெட்டினது நான்தான். எழுபது விநாடி. ஆனா பாக்கலை."

"பாக்காம எப்படி வெட்டுவீங்க?"

அவர் காலிப் பையை மடித்தார். அம்மா அந்தக் காலிப் பக்கத்தை என்னிடம் நீட்டினார். "காலியா ஒரு பக்கத்தை யார் வேணா காட்டலாம் சார். நான்கூடக் காட்டுவேன்." பிறகு அவரிடம் திரும்பி, "அவ சொல்லாம போனதுகூடப் பெருசில்ல. அவளை எனக்குப் பிடிச்சிருந்துச்சு, அதனாலதான் பத்து வருஷம் கேட்டேன். நீங்க எதிர்லயே உக்காந்து அதைக் கேட்டுட்டு இருந்திருக்கீங்க," என்றார்.

பெயரை நீக்க வேண்டும் என்று ஓட்டுநர் முன்மொழிந்தார். இரண்டு கைகள் எழுந்தன. என் கை எழவில்லை. பின்வரிசைக்கு அதில் வாக்கில்லை. மூன்றில் இரண்டு பங்கு ஆகிவிட்டது. பதிவேட்டில் எழுதினேன்.

"எழுதிட்டீங்களா?" என்று அவர் கேட்டார்.

"எழுதிட்டேன்."

"தேதி போட்டீங்களா?"

"போட்டேன்."

படியிறங்கிப் போனார். நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டார். கழகம் அதற்குப் பிறகு கூடவில்லை. விடை இருக்கிறது என்று தெரிந்த கேள்வியில் யாருக்கும் ருசி இல்லாமல் போயிற்று. ஓட்டுநருக்கு வேறு டிப்போவுக்கு மாற்றலும் வந்தது.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க டிசம்பர் மாதம் பின்வரிசையின் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவர் அத்தான். முழங்கால்வரை கால்சட்டையை மடித்துவிட்டு, கையில் பைப் ரெஞ்சோடு நின்றார்.

"ஓட்டைக் கழகமா? வாங்க வாங்க. நானும் அதே தொழில்தான். நான் அடைச்சா தண்ணி நிக்கும். நீங்க அடைச்சா என்னங்க நிக்கும்?"

பின்வரிசை கடைக்குப் போயிருந்தார். அத்தான் என்னை உட்காரச் சொன்னார். அவர் தொடரைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

"ஒரு தடவைகூட இல்ல. மாப்ள வெட்டினது போக மிச்சத்தை நான் எதுக்குப் பாக்கணும்? முழுசாக் குடுத்தா பாக்கறேன்னேன்." ரெஞ்சைத் துடைத்தார். "முதல் ஞாயித்துக்கிழமை வந்தா சட்டையைத் தேய்ச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். எங்க கிளம்பிட்டேன்னா, எங்கயும் இல்லைங்கறான். ஆறரை ஆனா கழட்டி மாட்டிடறான்."

நாற்பத்தொன்றாம் பகுதி ஒளிபரப்பானது 1979 அக்டோபர் 14. அதைப் பார்க்காமலே வெட்டினேன் என்று பின்வரிசை கூட்டத்தில் சொன்னதைச் சொல்லி, அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டேன்.

தேதியைச் சொன்னதும் அத்தான் ரெஞ்சைக் கீழே வைத்தார். "புதன்கிழமை இவங்க அக்கா போனா. பத்தாம் தேதி. வியாழன் எல்லாம் முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை காலைல இவன் குளிச்சுக் கிளம்பிட்டான். எங்கடான்னா, பெட்டி வந்திருக்கு, ஞாயித்துக்கிழமைக்கு வேற ஆள் இல்லைங்கறான். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அக்கா போயி ரெண்டு நாள்ல உனக்குப் படம் கேக்குதான்னேன். அன்னிக்குப் பேச்சுக் குறைஞ்சதுதான் எங்களுக்குள்ள. அவன் படம் பாக்கப் போகலைன்னு இப்பத்தான் நீங்க சொல்லித் தெரியுது."

பின்வரிசை வந்ததும் மீதியைச் சொன்னார். அந்த வெள்ளிக்கிழமை சிறு திரையின் விளக்கைப் போடவே இல்லையாம். எதையும் பார்க்க முடியவில்லை. பிலிமின் நீளத்தை அடிக்கணக்கில் காட்டும் கருவியில் முள் எங்கே வந்ததோ அங்கே வெட்டினார். நான்கு துண்டுகள், ஆறு நிமிடம், கணக்குச் சரி. திங்கட்கிழமை அத்தானுக்குக் காய்ச்சல், இவர் போகவில்லை. அடுத்த அறைக்காரர் துண்டுகளை ஒட்டிப் பெட்டியை அனுப்பிவிட்டார். ஞாயிறு இரவு ஒளிபரப்பையும் பார்க்கவில்லை. வாசகர் கடிதத்தைப் படித்த பிறகுதான், தான் எதை வெட்டினோம் என்பதை அல்ல, எதையோ வெட்டியிருக்கிறோம் என்பதைத் தெரிந்துகொண்டார்.

"இதை அன்னிக்கே அந்த அம்மாகிட்டச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"அக்காவைச் சொல்லி மன்னிப்பு வாங்கற மாதிரி இருக்கும். எனக்கு வேணாம். அந்த எழுபது விநாடியில என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். அதை அவங்ககிட்டக் குடுத்துட்டா போதும்."

ஆகஸ்ட் 13லிருந்தே எழுத ஆரம்பித்திருந்தார். பெட்டி எங்களுக்குப் பிறகு போன நிலையங்கள் ஏழு. விநியோகித்த நிறுவனம் ஒன்று. எட்டு முகவரிகளுக்கு, 1992 மே வரை, 23 கடிதங்கள். பதில் வந்தவை ஐந்து. நான்கில் பழைய பதிவுகள் இல்லை என்று ஒரே வாக்கியம் நான்கு விதமாக இருந்தது. பிலிம் போய் டேப் வந்து வருடக்கணக்காகிவிட்டது. அவரையே சாமான் அறைக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். கடிதங்களை அங்கே, பழைய விசிறிகளுக்கும் உடைந்த நாற்காலிகளுக்கும் நடுவே உட்கார்ந்து எழுதினார்.

ஐந்தாவது, 1992 ஜூன் 11 அன்று வந்தது. வரிசையில் மூன்றாம் நிலையத்தில் இதே வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெண்மணி எழுதியிருந்தார். தேவையான பகுதியை அப்படியே தருகிறேன்.

"அந்தப் பகுதி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. காரணம், உங்கள் ஆள் ஒரு துண்டைத் தலைகீழாக ஒட்டி அனுப்பியிருந்தார். ஓட்டிப் பார்த்தால் ஒரு பெண் கூரையில் பின்னோக்கி நடந்து வந்தாள். உங்களை அன்று மனதாரத் திட்டினேன். பிரித்துத் திருப்பி ஒட்டிப் பார்த்தேன். வரைபடம் போடுகிறவள் தாழ்வாரத்தில் வருகிறாள். அந்தப் பெண் குழந்தையின் கதவுக்கு முன்னால் நிற்கிறாள். தட்டுவதற்குக் கையைத் தூக்குகிறாள். தூக்கியபடியே நிற்கிறாள். பிறகு கையை இறக்கிவிட்டுப் போகிறாள். வேறொன்றும் இல்லை. எங்களுக்கு நேரம் இருந்ததால் நான் அதை வெட்டவில்லை."

பின்வரிசை இதை நகலெடுத்து மருந்துக்கடைக்கு அனுப்பினார். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்து, ஜூலை 5 அன்று, மூலக் கடிதத்தை உறையோடு எடுத்துக்கொண்டு நானே போனேன். அம்மா ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடிக்கும்வரை நின்றேன்.

"இது அவர் கட்டின கதைதானே சார்?"

உறையைக் காட்டினேன். தபால்தலை, முத்திரை, கையெழுத்து.

"தபால்தலை ஒட்டின கதை. ஒட்டறதுதான் அவருக்கு நல்லா வருமே."

நான் கழகத்தில் யாருக்காகவும் வாதாடியதில்லை. அன்று அக்டோபர் மாதத்து அந்த நான்கு நாட்களைத் தேதி வாரியாகச் சொன்னேன். புதன், வியாழன், வெள்ளி, ஞாயிறு. அவர் சொல்ல வேண்டாம் என்றதையும் சொன்னேன். அம்மா கடிதத்தை மறுபடி வாங்கி, கண்ணாடியை மாற்றிக்கொண்டு, நின்றபடியே படித்தார். ஒருவர் இருமல் மருந்து கேட்டார். கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"சரி, நிஜம்னே வச்சுப்போம்," என்றார் கடைசியில். "தட்டறதுக்கு வந்தவ எதுக்குத் தட்டலை? கையைத் தூக்கிட்டு? இப்ப ஓட்டை இன்னும் பெருசாயிடுச்சே."

"பதிவு பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. அவரையே அடைக்கச் சொல்லுங்க. இதுக்கு நோட்டு கிடையாது."

ஓட்டை எண் 213. அன்றே எழுதினேன். பின்வரிசையிடம் போய்ச் சொன்னேன். அத்தான்தான், "எத்தனை நாள் டைம்?" என்று கேட்டார். கழக விதிகளில் காலக்கெடு கிடையாது என்றேன்.

ஏழரை மாதம் எடுத்துக்கொண்டார். நூற்று முப்பத்தொன்பது அடைப்புகளை உட்கார்ந்த இடத்திலேயே சொன்னவர் ஒன்றுக்காகக் குப்பைக்கூடை நிறையத் தாள் கிழித்தார். "குழாயை விடக் கஷ்டமா இருக்கும் போல," என்றார் அத்தான். 1993 பிப்ரவரி 22 அன்று எனக்குத் தபாலில் வந்தது.

"எண் 213. அடைப்பு: வரைபடக்காரி சொல்லத்தான் வந்தாள். கையைத் தூக்கியபோது, கதவுக்குள்ளே சின்னவள் யாருடனோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டிருக்க வேண்டும். அந்தத் துண்டில் ஒலி இருந்ததா என்று கடிதத்தில் இல்லை. தட்டினால் சிரிப்பு நின்றுவிடும். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று திரும்பினாள். நாளைக்கு அங்கே இருக்கப் போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான் திரும்பினாள்."

கூடவே ஒரு துண்டுச் சீட்டு. "இது ஏற்கப்பட்டால் என்னைப் புது உறுப்பினராகச் சேர்க்கக் கோருகிறேன். பழைய 139ஐ என் பெயரிலிருந்து எடுத்துவிடவும்."

விதிப்படி நகலெடுத்து மற்ற இருவருக்கும் அனுப்பினேன். மூன்று வாக்குகள், வேண்டியது இரண்டு. என் வாக்கை அன்றே பதிந்தேன்: ஏற்பு.

ஓட்டுநரின் அட்டை மார்ச் 3 அன்று வந்தது. "மறுப்பு. சிரிப்புச் சத்தத்துக்குச் சான்று இல்லை. என் கேசட்டில் அந்தத் துண்டே கிடையாது. ஆனால் மறுப்பு என்று எழுத மூன்று அட்டை வீணாயிற்று. அதையும் பதிவு செய்யவும்." பதிவு செய்தேன்.

மருந்துக்கடையிலிருந்து ஒன்றும் வரவில்லை. மார்ச் போயிற்று. ஏப்ரல் 4, முதல் ஞாயிறு, பின்வரிசையைப் பார்க்கப் போனேன். தேய்த்த சட்டையோடு பின்கட்டு அறையில் உட்கார்ந்திருந்தார். கட்டில், ஒரு நாற்காலி, மூடிய சன்னல். வாக்கு என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று நானும் சொல்லவில்லை. அத்தான் இரண்டு கோப்பை டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டாவது யாருக்கு என்று நான் யோசிப்பதற்குள், "உங்களுக்குத்தாங்க. நான் அப்புறம் குடிச்சுக்கறேன்," என்று போய்விட்டார். ஆறரைக்குப் பின்வரிசை எழுந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து அம்மாவின் கடிதம் வந்தது. கழகத்துக்கு வந்த கடிதங்களில் அதுதான் கடைசி. அதன் பிறகு யாருக்கும் எழுத வேண்டிய தேவை இருக்கவில்லை. மருந்து கட்டும் தாளில், பென்சிலால் எழுதியிருந்தார்.

"எண் 213: ஏற்பு. எண் 1ஐயும் இதோடு மூடிவிடலாம். புது உறுப்பினரை மே 2, ஞாயிறு, நாலு மணிக்கு வரச் சொல்லவும். மாடிப்படியில் விளக்கு இல்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறட்டும்."

வந்து சேர்ந்த தேதி: 1993 ஏப்ரல் 19, திங்கள்.